சென்னையில் முகவரி கண்டுபிடிப்பது எப்படி: பலகைப் பெயர், வாய்ப் பெயர், இல்லாத தியேட்டர்கள்

சென்னையின் பழைய பெரிய சாலைகள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. மாநகராட்சிப் பலகையில் எழுதியிருப்பது ஒன்று. அதே சாலையில் தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர் சொல்வது இன்னொன்று. போதாதற்கு, பார்சலின் மேல் மூன்றாவதாக ஒரு சுருக்கெழுத்து அச்சாகியிருக்கும்.

பார்சல் விநியோகத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களைப் பழக்குவது என் வேலை. வெளி மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். வண்டி நன்றாக ஓட்டுவார்கள், கைபேசி வரைபடமும் அத்துபடி. அவர்கள் திணறுவது பெயர்களில். வெயிலில் ஒரே தெருவை நான்கு முறை சுற்றிவிட்டு, வாடிக்கையாளரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். வாடகை வீடு தேடுபவருக்கும், பழுது பார்க்க வீடு வீடாகப் போகிறவருக்கும், பத்திரிகை வைக்கக் கிளம்பும் கல்யாண வீட்டுக்காரருக்கும் இதே வரிசை பொருந்தும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். அலைச்சல் பெரும்பாலும் தெருப் பெயரை முதலில் தேடுவதால் வருகிறது. தெருப் பெயர் மூன்றாவது படியில்தான் வர வேண்டும்.

1. கிளம்பும் முன் வாங்க வேண்டிய விவரங்கள்

பின்கோடு, பேட்டை அல்லது நகரின் பெயர், கதவு எண் பழையதும் புதியதும், பக்கத்து பஸ் நிறுத்தம். இந்த நான்கும் கையில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். நடுவழியில் போன் செய்தால் எதிர்முனையில் இருப்பவர் "நேராக வாருங்கள்" என்பார். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

ஐந்தாவதாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஆட்டோவில் ஏறினால் எந்த இடம் சொல்லி வருவீர்கள்?" அடையாளம் என்னவென்று கேட்டால் பக்கத்து மருந்துக்கடையைச் சொல்வார்கள். அதே கடை அடுத்த தெருவிலும் கிளை வைத்திருக்கும். ஆட்டோவுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், அந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் தானாக வெளியே வரும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பெயர்தான்.

2. பின்கோட்டை வைத்துப் பேட்டையை முடிவு செய்யுங்கள்

பிள்ளையார் கோயில் தெரு, பெருமாள் கோயில் தெரு, பள்ளிக்கூடத் தெரு, காந்தி நகர், நேரு நகர். இவை ஏறக்குறைய எல்லாப் பேட்டையிலும் உண்டு. பேட்டை எதுவென்று உறுதியாகும் வரை தெருப் பெயரால் ஒரு பயனும் இல்லை. அதனால் கடைசி மூன்று எண்களை முதலில் படியுங்கள்.

தியாகராய நகர் 017, மேற்கு மாம்பலம் 033. வரைபடத்தில் இரண்டும் ஒட்டியிருக்கும், நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. நடந்து வருகிறவர் மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கிவிடலாம். வண்டியில் வருகிறவர் துரைசாமி சுரங்கப்பாதையையோ அரங்கநாதன் சுரங்கப்பாதையையோ தேடிப் போக வேண்டும். வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் தெரியும் வீட்டுக்குத் தண்டவாளத்தின் மறுபுறம் நின்றுகொண்டு போன் செய்வது புதியவர்கள் தவறாமல் செய்யும் காரியம். பின்கோட்டைப் பார்த்திருந்தால் கிளம்பும்போதே எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்.

அண்ணா நகருக்கும் இப்படித்தான். 040 என்றால் அண்ணா நகர், 102 என்றால் அண்ணா நகர் கிழக்கு, 101 என்றால் மேற்கு விரிவாக்கம். "அண்ணா நகர்" என்று மட்டும் எழுதிய பார்சலை எண் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

ஊர்ப் பெயரிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆங்கிலத்தில் அச்சான டிரிப்ளிகேன் என்பது திருவல்லிக்கேணி, எக்மோர் என்பது எழும்பூர், செட்பெட் என்பது சேத்துப்பட்டு, செயின்ட் தாமஸ் மவுண்ட் என்பது பரங்கிமலை, லிட்டில் மவுண்ட் என்பது சின்னமலை. இரண்டு வடிவங்களையும் காதுக்குப் பழக்கிக்கொண்டால் போதும்.

3. சாலைப் பெயர்களை ஜோடியாக மனப்பாடம் செய்யுங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். பெயர் மாறிய சாலையில் பலகையையும் கடைக்காரரின் வாயையும் ஒரே நேரத்தில் நம்ப வேண்டும், இரண்டுமே சரி. "அவ்வை சண்முகம் சாலை எங்கே ஐயா?" என்று கேட்டால் அந்தச் சாலையிலேயே நிற்கும் பெரியவர் கையை விரிப்பார். "லாயிட்ஸ் ரோடு" என்று கேட்டால் "இதுதான் தம்பி" என்பார். அவர் உங்களை ஏய்க்கவில்லை. அவருக்குத் தெரிந்த பெயரை நீங்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பகுதிவாரியாகப் படியுங்கள். அகர வரிசையில் படித்தால் மனத்தில் நிற்காது. வண்டியில் போகும்போது அடுத்தடுத்து வரும் சாலைகளாகப் படித்தால் நிற்கும்.

மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராயப்பேட்டை வட்டாரம்: எட்வர்ட் எலியட்ஸ் ரோடு என்பது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. மவுப்ரேஸ் ரோடு என்பது டி.டி.கே. சாலை. சேமியர்ஸ் ரோடு என்பது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை. லாயிட்ஸ் ரோடு என்பது அவ்வை சண்முகம் சாலை. ராயப்பேட்டை ஹை ரோடு என்பது திரு.வி.க. சாலை. திருவல்லிக்கேணிப் பக்கம் பைகிராப்ட்ஸ் ரோடு என்பது பாரதி சாலை. இவற்றில் எட்வர்ட் எலியட்ஸ், மவுப்ரேஸ் இரண்டையும் இப்போது வயதானவர்கள்தான் சொல்கிறார்கள். சேமியர்ஸ் ரோடு மட்டும் இளைஞர்கள் வாயிலும் பழைய பெயராகவே இருக்கிறது.

எழும்பூர், நுங்கம்பாக்கம் வட்டாரம்: கமாண்டர் இன் சீப் ரோடு என்பது எத்திராஜ் சாலை. ஹாரிஸ் ரோடு என்பது ஆதித்தனார் சாலை. நுங்கம்பாக்கம் ஹை ரோடு என்பது உத்தமர் காந்தி சாலை. இதையே மகாத்மா காந்தி சாலை என்று எழுதுகிறவர்களும் உண்டு.

பாரிமுனை வட்டாரம்: பிராட்வே என்பது பிரகாசம் சாலை. மின்ட் தெரு என்பது தங்க சாலை. சைனா பஜார் ரோடு என்பது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. இங்கே பலகைப் பெயரைச் சொல்லிக் கேட்டு எனக்குத் தெரிந்து யாரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை. பிராட்வே, மின்ட் என்றே கேளுங்கள். போஸ் சாலையை மட்டும் "என்.எஸ்.சி. போஸ் ரோடு" என்று சுருக்கிச் சொன்னால் எல்லாருக்கும் புரியும்.

தெற்கே: தி.நகர் தெற்கு போக் ரோடு என்பது செவாலியே சிவாஜி கணேசன் சாலை. பாண்டி பஜார் என்று ஊரே சொல்லும் கடைத்தெரு, முகவரியில் தியாகராய சாலை என்றிருக்கும். அடையாறு எல்.பி. ரோடு என்பது டாக்டர் முத்துலட்சுமி சாலை. ஓ.எம்.ஆர். என்பது ராஜீவ் காந்தி சாலை. கோடம்பாக்கத்தில் ஆற்காடு ரோட்டுக்கு என்.எஸ்.கே. சாலை என்ற பெயரும் உண்டு.

தி.நகரில் எல்லாரும் ஜி.என். செட்டி ரோடு என்று சொல்லும் சாலைக்குப் பலகையில் ஜி.என். சாலை என்றிருக்கும். தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கியதால் வந்த வேறுபாடு இது. இரண்டும் ஒன்றுதான்.

நகரத்தின் இரண்டு பெரும் சாலைகளைக் கடைசியாக வைத்திருக்கிறேன். மவுண்ட் ரோடுதான் அண்ணா சாலை, இது யாருக்கும் தெரியும். பூந்தமல்லி ஹை ரோடுதான் பெரியார் ஈ.வெ.ரா. சாலை. இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. மவுண்ட் - பூந்தமல்லி ரோடு என்று இன்னொரு சாலை உண்டு. சென்ட்ரலில் தொடங்கி கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, கோயம்பேடு, மதுரவாயல் வழியாகப் பூந்தமல்லிக்குப் போவது ஹை ரோடு. கத்திப்பாராவிலிருந்து நந்தம்பாக்கம், போரூர் வழியாக அதே பூந்தமல்லிக்குப் போவது மவுண்ட் - பூந்தமல்லி ரோடு. வெறுமனே "பூந்தமல்லி ரோடு" என்று எழுதியிருந்தால், கோயம்பேடு பக்கமா போரூர் பக்கமா என்று கேட்காமல் கிளம்பக் கூடாது. தவறான சாலையில் ஏறிவிட்டால் திரும்பி வர அரை நாள் போய்விடும்.

4. சுருக்கெழுத்தை விரித்துப் படியுங்கள்

மயிலாப்பூரில் ஆர்.கே. சாலையும் இருக்கிறது, ஆர்.கே. மடம் சாலையும் இருக்கிறது. முன்னது ராதாகிருஷ்ணன், பின்னது ராமகிருஷ்ணர். வடசென்னையில் ஆர்.கே. நகர் என்று ஒரு தொகுதியே இருக்கிறது. பார்சலில் "ஆர்.கே." வரைக்கும் படித்துவிட்டு வண்டியை எடுத்தவர்கள் எங்கெங்கோ போயிருக்கிறார்கள். அடுத்த சொல்லையும் படியுங்கள்.

நந்தனத்தை ஒட்டி சி.ஐ.டி. நகர், மயிலாப்பூரில் சி.ஐ.டி. காலனி. பெரியார் ஈ.வெ.ரா. சாலை வேறு, வேப்பேரியில் உள்ள ஈ.வெ.கி. சம்பத் சாலை வேறு. நுங்கம்பாக்கத்தின் மகாத்மா காந்தி சாலை வேறு, அடையாறு சாஸ்திரி நகரின் எம்.ஜி. ரோடு வேறு. நூறடி ரோடு என்றால் பெரும்பாலும் கத்திப்பாராவிலிருந்து அசோக் நகர், வடபழனி, கோயம்பேடு வழியாகப் போகும் ஜவாஹர்லால் நேரு சாலை. வேளச்சேரிக்காரர் நூறடி ரோடு என்றால் அது அவர்கள் ஊர்ப் புறவழிச்சாலை.

எல்.பி. ரோட்டை லால் பகதூர் சாலை என்று விரித்துக் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். அது லாட்டிஸ் பிரிட்ஜ். உங்கள் ஊகத்தில் விரிக்காதீர்கள். தெரியாவிட்டால் எழுதியிருக்கும் எழுத்துகளை அப்படியே சொல்லிக் கேட்பது நல்லது.

"அண்ணா" என்ற பெயரைத் தனியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அண்ணா சாலை, அண்ணா மேம்பாலம், அண்ணா சதுக்கம், அண்ணா வளைவு, அண்ணா நகர் ஐந்தும் வெவ்வேறு இடங்கள். கடற்கரையோரம் அண்ணா சதுக்கத்தில் நின்றுகொண்டு அமைந்தகரைப் பக்கத்து அண்ணா வளைவைத் தேட முடியாது.

5. இல்லாத கட்டடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னைக்காரர்கள் இடத்தைச் சொல்லும்போது இடிந்துபோன கட்டடத்தைச் சொல்வார்கள். புதியவர் நிமிர்ந்து அந்தக் கட்டடத்தைத் தேடுவார். அங்கே வேறொன்று நிற்கும். எனவே "லிபர்ட்டி எங்கே இருக்கிறது?" என்று தேடாதீர்கள். "லிபர்ட்டி ஸ்டாப்பிங் எங்கே?" என்று கேளுங்கள். கட்டடம் போய்விட்டாலும் பஸ் நிறுத்தம் அங்கேயேதான் இருக்கிறது.

லிபர்ட்டி என்பது கோடம்பாக்கத்தில் இருந்த தியேட்டர். ஜெயந்தி என்பது திருவான்மியூரில் இருந்த தியேட்டர், இன்றும் அந்தச் சிக்னலுக்கு அதுதான் பெயர். தாசப்பிரகாஷ் என்பது பூந்தமல்லி ஹை ரோட்டில் இருந்த ஹோட்டல். அசோக் பில்லர் அருகே உதயம் தியேட்டர் 2024இல்தான் மூடப்பட்டது. இந்தப் பெயரும் பல காலம் புழக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன், இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் தலையாயது ஜெமினி. 1973இல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஜெமினி ஸ்டுடியோ அங்கே இல்லை. ஆனாலும் ஆட்டோக்காரர், கண்டக்டர், காய்கறி விற்கும் அம்மா எல்லாருக்கும் அது ஜெமினிதான். மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. அதன் பெயரை இன்று சென்ட்ரலின் புறநகர் ரயில் முனையம் தாங்கியிருக்கிறது. மின்சார ரயிலில் வருகிறவர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்ற அறிவிப்பைக் கேட்டு வேறெங்கோ வந்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

கட்டடம் நிற்கும், பெயர் மாறியிருக்கும் என்பதும் உண்டு. கடற்கரைச் சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லம்தான் ஐஸ் ஹவுஸ். அந்த வட்டாரமே ஐஸ் ஹவுஸ் என்று சொல்லப்படுகிறது, காவல் நிலையம் உட்பட.

இவற்றை வேகமாகக் கற்க ஒரே வழி: உங்கள் பகுதியில் ஓடும் ஒரு பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்து, கண்டக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுங்கள். சிம்சன், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, டி.எம்.எஸ்., பவர் ஹவுஸ், அண்ணா நகரில் ப்ளூ ஸ்டார், சிந்தாமணி என்று அவர் கூப்பிடும் பெயர்களில்தான் மக்கள் வழி சொல்கிறார்கள். வரைபடத்தை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்தப் பழக்கம் வராது.

6. மெயின் ரோடு, குறுக்குத் தெரு, அவென்யூ

அடையாற்றில் காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எண் போட்ட மெயின் ரோடுகளும் குறுக்குத் தெருக்களும் உண்டு. "3வது குறுக்குத் தெரு, அடையாறு, சென்னை 20" என்று எழுதிய முகவரி பார்க்க முழுமையாக இருக்கும், ஆனால் நகரின் பெயர் விடுபட்டிருக்கிறது. இதற்கு ஒரே மருந்து போன் செய்து நகரின் பெயரைக் கேட்பது. நான்கு நகர்களிலும் ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அண்ணா நகரில் அவென்யூ, மெயின் ரோடு, பிளாக், தெரு என்று நான்கு அடுக்கு. பிளாக் எழுத்தைப் பிடித்தால் தெரு எண் எளிது. தெரு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பிளாக்கை விட்டால் அகப்படாது.

7. பழைய எண்ணும் புதிய எண்ணும்

சென்னையில் கதவு எண்களை மாற்றிப் போட்டபோது பழையதையும் அழிக்காமல் விட்டார்கள். அதனால் ஒரே தெருவில் 11 என்ற எண் இரண்டு வீடுகளில் தெரியலாம். ஒன்றுக்கு அது பழைய எண், மற்றதற்குப் புதிய எண். பார்சலைத் தவறான வீட்டில் கொடுத்துவிட்டு வருவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

"24/11" என்று எழுதியிருந்தால் எது புதியது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சிலர் புதியதை முன்னால் எழுதுகிறார்கள், சிலர் பழையதை. இன்னும் சிலருக்கு அது கட்டட எண்ணும் வீட்டு எண்ணும். "கேட்டில் எந்த எண் எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். அதைவிடத் தெளிவான கேள்வி இல்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் முதல் இரண்டு மூன்று வாசல்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா, எதிர்ப்புறம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். சில பழைய தெருக்களில் ஒரு பக்கம் முழுக்க எண்ணிக்கொண்டு போய், மறுபக்கம் திரும்பி எண்ணிக்கொண்டு வருவார்கள். அங்கே முதல் வீட்டுக்கு எதிரே இருப்பது கடைசி எண்.

8. வழி கேட்கும் முறை

யாரைக் கேட்பது என்பது முக்கியம். நடந்து போகிறவரைக் கேட்காதீர்கள். அவரும் உங்களைப் போல வந்தவராக இருக்கலாம். ஒரே இடத்தில் நின்று தொழில் செய்பவரைக் கேளுங்கள். ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவருக்குச் சாலைகள் தெரியும். குறிப்பிட்ட வீட்டுக்கு இஸ்திரி வண்டிக்காரரைவிட நல்ல ஆள் இல்லை. துணி வாங்கப் படியேறி, திருப்பிக் கொடுக்க மறுபடி படியேறுகிறவர் அவர். எந்த மாடியில் யார், எந்த வீடு பூட்டியிருக்கிறது, எந்தக் கேட்டில் நாய் என்பது வரை சொல்வார். எண் நினைவிருக்காது, குடும்பத்தைச் சொன்னால் போதும். அவரும் கைவிட்டால் அந்தப் பின்கோட்டின் தபால் நிலையத்துக்குப் போங்கள், அதுவும் காலையில். தபால்காரர்கள் தபால் கொடுக்கக் கிளம்பிய பிறகு போனால் தெரு தெரிந்தவர் உள்ளே இருக்க மாட்டார்.

எப்படிக் கேட்பது? முதலில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். "ஐயா, சைதாப்பேட்டைப் பக்கமிருந்து வருகிறேன். சேமியர்ஸ் ரோட்டுக்கு எங்கே திரும்ப வேண்டும்?" சென்னையில் வழி சொல்கிறவர்கள் "அதைத் தாண்டி", "அதற்கு முன்னால்" என்று சொல்வார்கள். நீங்கள் வரும் திசை தெரியாவிட்டால் தாண்டுவதும் முன்னால் இருப்பதும் தலைகீழாகிவிடும்.

பழைய பெயரை முதலில் சொல்லுங்கள். முகம் மலரவில்லை என்றால் புதிய பெயரைச் சொல்லுங்கள். வயதில் பெரியவரிடம் பழைய பெயர், கல்லூரிப் பிள்ளைகளிடம் வரைபடப் பெயர் என்று நான் வைத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

கடைசியாக, "எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிடுங்கள். அண்ணா சாலை மாதிரிச் சாலைகளில் நடுவில் தடுப்பு இருக்கிறது. எதிர்ப்புறம் என்று பின்னால் தெரிந்தால் வெகுதூரம் போய்த்தான் திரும்ப வேண்டும். ஒருவழிப் பாதையா என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள். நடப்பவருக்குத் தெரிந்த வழி வண்டிக்குச் சில சமயம் அடைத்திருக்கும்.

9. வாசலை விட்டு நகரும் முன் எழுதுங்கள்

ஒவ்வொரு புதிய முகவரிக்கும் மூன்றே குறிப்புகள் போதும்: பலகைப் பெயர், வாய்ப் பெயர், திரும்ப வேண்டிய முனை. மாலையில் சேர்த்து எழுதலாம் என்று விட்டால் முனை மறந்துவிடும். பெயர்கள் கிடைக்கும், எங்கே திரும்பினோம் என்பது கிடைக்காது.

பெயர் மாற்றம் நின்றுவிடவில்லை. 2025இல் நுங்கம்பாக்கம் காம்தார் நகரில் ஒரு சாலைக்கு எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பெயர் சூட்டப்பட்டது. இப்படி வரும்போது புதிய பெயரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பழையதை அடிக்காதீர்கள். பார்சலில் புதியது வரத் தொடங்கும், வழி சொல்கிறவர் வாயில் பழையது நீடிக்கும்.

இனி நீங்கள் யாருக்காவது முகவரி அனுப்பும்போது வரைபடக் குறியீட்டோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குறி சில நேரம் பின்பக்கத் தெருவில் போய் விழும், கேட்டோ முன்பக்கம் இருக்கும். பஸ் நிறுத்தம், எந்த முனையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கேட்டில் உள்ள எண், கேட்டின் நிறம் என்று நான்கு சொற்களைச் சேர்த்து அனுப்புங்கள்.